பல்லி விடும் பலன்

ஜூன் 3, செவ்வாய்

இதை இடது கையால் எழுதுகிறேன். கோழி கிளறின மாதிரி இருக்கிறது. கை கால் பயிற்சி கொடுக்க வாரம் மூன்று நாள் வீட்டுக்கு வரும் ஜாஸ்பர் தம்பிதான், "தெனமும் நாலு வரி எழுதுங்கம்மா, மூளைக்கு வேலை வேணும்லா" என்று சொல்லிவிட்டுப் போனார். இருபத்திரண்டு வருஷம் காலண்டர் அச்சகத்தில் பிழை திருத்தியவளுக்கு மூளைக்கு வேலை வேண்டுமாம்.

மாசியில் பக்கவாதம் வந்தது. வாய் கோணவில்லை, பேச்சும் போகவில்லை. "பேச்சாவது போயிருந்தா வீடு கொஞ்சம் அமைதியா இருந்திருக்கும்" என்பாள் வடிவு. என் ஒரே மகள். முழுப் பெயர் வடிவுக்கரசி. காலேஜில் அந்தப் பெயரைச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு 'வடி' என்று வைத்துக்கொண்டாள். சோறு வடிக்கிற மாதிரி.

கால் இழுத்துக்கொண்டாவது நடக்கிறது. வலது கைதான் சரியில்லை. மூடும், திறக்காது. எதையாவது பிடித்தால் பிடித்தது பிடித்ததுதான். வடிவு வந்து ஒவ்வொரு விரலாகப் பிரித்துவிட வேண்டும்.

ஜூன் 4, புதன்

கத்தரிக்காய் சாம்பார். கை அப்படியே.

ஜூன் 8, ஞாயிறு

வடிவு குளிக்கப் போயிருந்தாள். விடிந்ததிலிருந்து ஒற்றை ஆளாக வேலை பார்க்கிறாளே, வருவதற்குள் இரண்டு தோசை ஊற்றி வைப்போம் என்று நினைத்தேன். அதுதான் நான் செய்த புத்திசாலித்தனம். தோசைக்கல் நகர்ந்தது. பிடித்துணியோடு வலது கையால் பிடித்தேன். பிடித்துவிட்டது.

சூடு துணியைத் தாண்டி வந்தது. விடு, விடு என்கிறேன். கை கேட்கவில்லை. இடது கையால் விரல்களைப் பிரிக்கப் பார்த்தேன். இழுக்க இழுக்க இன்னும் இறுகியது. கத்தினேன். வடிவு ஈரத்தலையோடு ஓடி வந்து அடுப்பை அணைத்து, விரல்களைப் பிரித்து, குழாயடியில் கையைக் காட்டிக்கொண்டு நின்றாள். உள்ளங்கையில் கொப்புளம்.

நான் அழவில்லை. வடிவுதான் அழுதாள். நானும் கொஞ்சம்.

ஜூன் 9, திங்கள்

நடந்ததை எழுதிவைக்கிறேன், பிறகு யாரும் மாற்றிச் சொல்லக்கூடாது.

வடிவுக்குப் பெங்களூரில் ஒரு ஆராய்ச்சி நிலையத்தில் இடம் கிடைத்திருக்கிறது. ஐந்து வருஷம். எதை ஆராயப் போகிறாள் என்று கேட்டால் ஊரே சிரிக்கும். பல்லியின் காலை. அது எப்படிச் சுவரில் ஒட்டுகிறது, எப்படி எடுக்கிறது என்று பார்க்கப் போகிறாளாம். என் வீட்டுச் சுவரில் சும்மா கிடைக்கிற பல்லியைப் பார்க்கப் பெங்களூர் போக வேண்டுமாம். ஜூலை பதினைந்துக்குள் வருகிறேன், வரவில்லை என்று பதில் எழுத வேண்டும்.

இன்று காலையில் களிம்பு போட்டுக்கொண்டே சொன்னாள்: "எம்மா, நீ எதையாவது புடிச்சா நீயே விடணும். அது வந்தாத்தான் நான் போவேன். இல்லாட்டி வரலன்னு எழுதிருவேன்."

"அடுத்த வருஷம் போயேன்."

"அடுத்த வருஷம் இந்த இடம் இருக்காதும்மா. வேற ஆளுக்குக் குடுத்துருவாங்க."

எதிர்வீட்டில் இருக்கிற சண்முகத்தாய் மதினி, என் வீட்டுக்காரருடைய அக்காள், "நான் ராத்திரி இங்கன வந்து படுத்துக்கிடுதேன், நீ போயிட்டு வாட்டி" என்றாள். வடிவு கேட்கவில்லை. "ராத்திரி நீங்க இருப்பீங்க அத்தை. பகல்ல அடுப்பு இருக்கும்லா?"

நான், "போனா போ, எனக்கென்ன" என்றேன். அவள் அந்தப் பக்கம் போனதும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அது ஓடவில்லை.

ஜூன் 12, வியாழன்

புதிதாக ஒரு நான்ஸ்டிக் தோசைக்கல் வந்திருக்கிறது. நீளக் கைப்பிடி. சூடு ஏறாதாம். பழைய இரும்புக் கல் பரணுக்குப் போய்விட்டது. என் கல்யாணத்துக்கு வந்த கல். இருக்கட்டும்.

ஜாஸ்பர் தம்பி இன்று புதிதாக ஒன்று சொல்லிக்கொடுத்தார். "விரலை இழுக்காதீங்கம்மா. இழுத்தா அது எதுத்துப் புடிக்கும். மணிக்கட்டை உள்பக்கமா மடக்கித் தொங்கவிடுங்க. விரல் தானா தளரும்." மடக்கிக் காட்டினார். என் விரல்கள் கொஞ்சம், நெல் அளவுக்கு, பிரிந்தன.

வடிவு குதித்துவிட்டாள். "இது பல்லியேதாம்மா!"

பெற்ற தாயைப் பார்த்துப் பல்லி என்கிறாள். பிறகு விளக்கம் வேறு. பல்லியின் காலில் பசை கிடையாதாம். விரலுக்கு அடியில் லட்சக்கணக்கில் முடி, ஒவ்வொரு முடியின் நுனியும் இன்னும் பல நூறாகப் பிரிந்திருக்குமாம். அது சுவரை அவ்வளவு நெருங்குவதால் அந்த நெருக்கமே பிடித்துக்கொள்ளுமாம். "ஒட்டுறது பெருசில்லம்மா. அவ்வளவு இறுக்கமா ஒட்டிக்கிட்டு ஓடவும் செய்யுதுல்லா, அதுதான் பெருசு. வலுவாப் பிய்ச்சு எடுக்காது. விரல் நுனியை மேல சுருட்டும். முடி சாயுற கோணம் மாறும். மாறின ஒடனே பிடி போயிரும். வலிக்கவே வலிக்காது."

ஜாஸ்பர் தம்பி வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார். காப்பி ஆறிவிட்டது.

ஜூன் 15, ஞாயிறு

மதினி வந்திருந்தாள். என்னைக் காட்டி, "செம்பகத்துக்கு ஆடிக்குள்ள கை சரியாயிரும் பாரு" என்றாள். டியூப்லைட்டுக்குப் பின்னாலிருந்து பல்லி சொன்னது. எங்கள் பக்கம் பேச்சுக்கு நடுவே பல்லி சொன்னால் அந்தப் பேச்சு பலிக்கும். உடனே ஆள்காட்டி விரலால் தட்ட வேண்டும். தட்டப் போனேன். விரல் எங்கே இருக்கிறது, முஷ்டிதான் இருக்கிறது. மேசையில் முஷ்டியால் இடித்தேன். வெற்றிலைப் பெட்டி குதித்தது.

வடிவு சிரித்தாள். நானும் சிரித்தேன். மதினி மட்டும் "சாமி காரியத்துல சிரிக்காதிய" என்றாள்.

ஜூன் 21, சனி

இதை எழுதாமல் இருக்க முடியாது. நான்ஸ்டிக் கல்லைக் கழுவித் துடைத்துச் சுவரில் ஆணியில் மாட்டியிருந்தோம். பல்லி ஒன்று சுவரில் ஜம்மென்று வந்தது, கல்லின் மேல் கால் வைத்தது. அவ்வளவுதான், கால் நாலும் தடதடவென்று அடித்துக்கொண்டே வழுக்கிப் பொத்தென்று விழுந்தது. கீழே நின்ற வடிவின் பாதத்தில்.

அவளுக்கு ஒரே சந்தோஷம். "பாத்தியா, பாத்தியா! இதுல மட்டும் அதால ஒட்ட முடியாது! புஸ்தகத்துல படிச்சதை நேர்ல இன்னைக்குத்தான் பாக்கேன்!" ஒற்றைக்காலில் ஆடினாள். பல்லி அடுப்புக்கடியில் ஓடிவிட்டது.

எனக்கு வேறு ஞாபகம். காலண்டரின் பின்பக்கத்தில் வருமே, 'பல்லி விழும் பலன்'. இருபத்திரண்டு வருஷம் அந்தக் கட்டத்தைத் திருத்தியிருக்கிறேன். தலை: கலகம். பாதம்: பிரயாணம். ஒரு வருஷம் 'பல்லி விடும் பலன்' என்று அச்சுக் கோத்துவிட்டார்கள். சிவப்பு மையில் சுழித்து, பக்கத்தில் 'பல்லி எதை விடும்?' என்று கேட்டு எழுதி அனுப்பினேன். அச்சகமே சிரித்தது.

பாதம் என்றால் பிரயாணம் என்று வடிவிடம் சொல்லவில்லை. அவளுக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது.

ஜூன் 26, வியாழன்

மத்தியானம் வடிவு கடைக்குப் போயிருந்தாள். டம்ளரை வலது கையால் பிடித்துத் தண்ணீர் குடித்தேன். மேசையில் வைத்தேன். மணிக்கட்டை மடக்கினேன். டம்ளர் மேசையில் நின்றது. கை தனியாக வந்தது.

திரும்பப் பிடித்தேன். திரும்ப வந்தது.

வடிவிடம் சொல்லவில்லை. இரண்டு தடவை வந்ததை வைத்து என்ன சொல்ல முடியும்? நிச்சயமானபின் சொல்லலாம்.

ஜூன் 30, திங்கள்

டம்ளர், சீப்பு, கதவுத் தாழ்ப்பாள். இன்னும் நிச்சயமில்லை.

ஜூலை 2, புதன்

கொடியில் துணி காயப்போட்டேன். கிளிப்பை அமுக்கி, மாட்டி, விட்டேன். வடிவு மாடிப்படி ஏறி வரும் சத்தம் கேட்டது. கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டேன். காற்று அதிகமாக இருந்தது, அதனால்தான்.

"யாரும்மா கிளிப் போட்டது?"

"மதினி வந்தா."

மதினி இன்று அம்பாசமுத்திரம் போயிருந்தாள். அது எனக்குச் சாயங்காலம்தான் தெரிந்தது. வடிவு அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

ஜூலை 5, சனி

பழைய காலண்டர் ஒன்று பீரோவுக்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருந்தது, அவர் இறந்த வருஷத்துக் காலண்டர். ஒட்டடை அடிக்கும்போது வடிவு அதை எடுத்தாள். பின்னால் சுவரில் ஒரு பல்லி. நான் சூ என்றேன். அசையவில்லை. செத்துக் காய்ந்துபோயிருந்தது. நாலு காலும் சுவரைப் பிடித்தபடியே.

வடிவு மெதுவாகத் தொட்டாள். "செத்தாலும் ஒட்டிக்கிட்டுத்தான் இருக்கும்மா. ஒட்டுறதுக்கு அது ஒண்ணும் செய்யவே வேண்டாம். விடுறதுக்குத்தான் அது உசுரோட இருக்கணும்." ஒரு தாளை அடியில் கொடுத்து, காலை நுனியிலிருந்து நெம்பி, ஒவ்வொன்றாக எடுத்தாள். என் விரல்களை எடுப்பாளே, அதே பொறுமை.

"அதைத் தூரப் போடு" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

மத்தியானச் சாப்பாடு இறங்கவில்லை. புளி அதிகம்.

ஜூலை 9, புதன்

ஜாஸ்பர் தம்பி என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தசை நல்லா தளந்துருக்கு. இந்நேரம் திறக்கணுமே. ஒருக்கா முயற்சி பண்ணுங்கம்மா." முயற்சி செய்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு, நெற்றியைச் சுருக்கிக்கொண்டு. கை மூடியே இருந்தது. வடிவு வாசற்படியில் நின்று பார்த்தாள். அவள் முகத்தில் வருத்தம்தான் இருக்கும் என்று நினைத்தேன். அது மட்டும் இல்லை, கொஞ்சம் களைப்பும் இருந்தது.

தம்பி போகும்போது என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார். அடுத்த தடவை புதுப் பயிற்சி ஒன்றும் இல்லையாம்.

ஜூலை 12, சனி



காலையில் வடிவு சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டாள். பதில் எழுதப் போகிறாள். நான் எதிரில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். இடது கையால்தான்.

"எம்மா, நீதான பிழை திருத்துறவ. 'சாரி'ன்னு போடவா, 'ரிக்ரெட்'னு போடவா?"

"சாரி சின்னப் பிள்ளைங்க சொல்றது. ரிக்ரெட் போடு" என்றேன். என் வாயால்தான் சொன்னேன்.

அவள் தட்டினாள். பிறகு எனக்காகத் தமிழில் சொல்லிக்காட்டினாள். சத்தமாக, பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிற மாதிரி: "அம்மா கை இன்னும் சரியாகல. இந்த வருஷம் நான் எங்கயும் போகல. அம்மாகூடத்தான் இருக்கப் போறேன்."

டியூப்லைட்டுக்குப் பின்னாலிருந்து பல்லி சொன்னது.

நான் தட்டினேன். டக், டக், டக். யோசித்துச் செய்வதா அது? ஐம்பத்துநாலு வருஷப் பழக்கம். மூன்றாவது தட்டு தட்டும்போதுதான் நிமிர்ந்தேன். வடிவு என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் பார்த்தேன். வலது கை. ஆள்காட்டி விரல் நேராக நீண்டிருந்தது. மற்ற விரல்கள் ஒழுங்காக, தளர்ந்து, தனித்தனியாக.

"எத்தனை நாளா?" என்றாள்.

கையை மூடிக்கொண்டேன். அதை அவள் பார்த்ததுதான் எல்லாவற்றையும் விட மோசம்.

லேப்டாப்பை மூடிவிட்டு எழுந்து போனாள். கீரையைப் பாதியில் விட்டுவிட்டேன்.

ஜூலை 13, ஞாயிறு

காலை: உப்புமா. எங்கள் இரண்டு பேருக்குமே பிடிக்காது. கோபம் வந்தால்தான் இந்த வீட்டில் உப்புமா வரும்.

மத்தியானம்: மிச்ச உப்புமா.

நாலு மணிக்குக் காப்பியைக் கொண்டு வந்து வைத்தாள். வலது கைப்பக்கம் வைத்தாள். எடுத்துக் குடித்தேன், கீழே வைத்தேன், விட்டேன். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"போகாதன்னு சொல்லிருந்தா நான் இருந்துருப்பேன்லாம்மா. அதை விட்டுட்டு ஏன் கையை மூடி வச்சுக்கிட்ட?"

"சொன்னா நீ இருந்துருவ. அதான் சொல்லல."

"புரியல."

எனக்கும் சொல்லும்வரை புரியவில்லை. "நான் உன்னைப் புடிச்சு வச்சா அது குத்தம். கை புடிச்சு வச்சா வியாதிதானட்டி."

அவள் கோபமாக ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் நான் சொல்லிவிட்டேன். "பயமா இருக்கு வடிவு. அப்பா போனப்போ நீ இருந்த. நீயும் போனா இந்த வீட்டுல நான் யாரைத் திட்டுவேன்?"

இரண்டு பேரும் அழுதோம். இந்தத் தடவை கொஞ்சம் இல்லை, நிறையவே. பிறகு அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "போன்ல திட்டு. தெனமும் திட்டு" என்றாள். நான், "போன்ல திட்டுனா உறைக்காதே" என்றேன். சிரித்துவிட்டாள், பாவி.

ஜூலை 14, திங்கள்

முந்தாநாள் எழுதின கடிதத்தை அழித்து வேறு எழுதினாள். வருகிறேன் என்று. வார்த்தை வார்த்தையாகப் படிக்கச் சொல்லி, திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டேன். ஒரு இடத்தில் கமா தப்பு. திருத்தினேன். அனுப்பும் பட்டனை நான்தான் அமுக்கினேன், வலது ஆள்காட்டி விரலால்.

ஜாஸ்பர் தம்பியிடமும் உண்மையைச் சொன்னேன். "எனக்குத் தெரியும்மா" என்றார். "உங்க கை தளந்து இருந்துச்சு, முகந்தான் இறுகி இருந்துச்சு."

ஜூலை 22, செவ்வாய்

வடிவுக்கு ஊறுகாய். எலுமிச்சை. மதினி நாரத்தை போடலாம் என்கிறாள். இரண்டும் போடுகிறோம்.

ஜூலை 27, ஞாயிறு

அடுப்பில் வடிவு எனக்குப் பரீட்சை வைத்தாள். தோசைக்கல், பால் சட்டி, இட்லிக் கொப்பரை. பிடித்து, தூக்கி, வைத்து, விட வேண்டும். எல்லாவற்றிலும் பாஸ். இட்லிக் கொப்பரைக்கு மட்டும் மதினியைக் கூப்பிட வேண்டும் என்று நிபந்தனை. சரி என்றேன். கூப்பிட மாட்டேன்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

நேற்று ஸ்டேஷனில் நடந்ததை இன்று காலையில் உட்கார்ந்து எழுதுகிறேன். வலது கையால் எழுதிப் பார்க்கிறேன். கோழிக்குக் கொஞ்சம் வயசு கூடியிருக்கிறது.

ரயில் சாயங்காலம். மதினியும் நானும் ஆட்டோவில் போனோம். வடிவுக்கு ஜன்னலோர இடம். பெட்டிகளை வைத்துவிட்டு ஜன்னலில் வந்து உட்கார்ந்தாள். நான் பிளாட்பாரத்தில் நின்று, கம்பிக்கு நடுவே கையை விட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். எல்லா அம்மாக்களும் அப்படித்தான் நிற்கிறார்கள். தண்ணீர் பாட்டில் எடுத்தியா, ஊறுகாய் மூடியை இறுக்கினியா, போய் இறங்கினதும் போன் போடு. மதினி கண்ணைத் துடைத்தாள். நான் துடைக்கவில்லை. ஒரு கை ஊன்றுகோலில், ஒரு கை அவள் கையில்.

சிக்னல் விழுந்தது. "சரிம்மா, விடு" என்றாள்.

விட்டேன். கை வரவில்லை.

இன்னொரு தடவை விட்டேன். இறுகியது. ஜாஸ்பர் தம்பி முன்னாலேயே சொல்லியிருக்கிறார், மனசு கலங்கினால் கை பழையபடி பிடித்துக்கொள்ளும் என்று. அந்த நேரத்தில் அதெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கிறது.

"எம்மா, நடிக்காத. ரயில் கிளம்பப் போகுது."

"நடிக்கலட்டி."

"எம்மா!"

"நெசமா வடிவு. வரல."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். நம்பினாளா என்று தெரியவில்லை. நான் வேண்டுமென்றே மூடியபோது நம்பியவள், மெய்யாகவே மூடிக்கொண்டபோது சந்தேகப்பட்டால் அது யார் குற்றம்? மதினி "ஐயோ, கார்டைக் கூப்பிடுங்க" என்று கத்த ஆரம்பித்தாள். ரயில் ஊதியது. வடிவு மறு கையால் என் விரல்களைப் பிடித்து இழுத்தாள். இழுத்த வேகத்தில் இன்னும் இறுகியது. அவளுக்கு வலித்திருக்கும். "நான் எறங்கிருதேன்மா" என்றாள். மெய்யாகவே எழுந்திருக்கப் பார்த்தாள்.

"இழுக்காத" என்றேன். "எறங்காத. ஒக்காரு. நான் பாத்துக்கிடுதேன்."

கையைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்தேன். மூச்சை விட்டேன். பிடியை விடுவதைப் பற்றி நினைக்காமல், மணிக்கட்டை மட்டும் மெதுவாகக் கம்பியின் மேல் மடக்கித் தொங்கவிட்டேன். சுண்டுவிரல் வந்தது. மோதிர விரல். நடுவிரல். ஆள்காட்டி விரல் கடைசியாக, கொஞ்சம் யோசித்து. கட்டைவிரல் தானாக விலகியது. வலிக்கவே இல்லை. அவள் சொன்னது சரி.

ரயில் நகர்ந்தபோது என் கை காற்றில் திறந்தபடி இருந்தது. அதையே ஆட்டினேன். அவள் ஜன்னலில் முகத்தை அழுத்திக்கொண்டு அழுதுகொண்டே, "பல்லி! பல்லி!" என்று கத்தினாள். பக்கத்தில் நின்றவர்கள் எல்லாரும் மேலே கூரையைப் பார்த்தார்கள்.

இன்று காலை போன் வந்தது. இறங்கிவிட்டாள். ஊறுகாய் கொட்டவில்லை. பேசி முடித்துப் போனை வைத்தபின் வீடு ரொம்பப் பெரிதாக இருந்தது. மதினி தூங்கிக்கொண்டிருந்தாள். "பிள்ளை நல்லா இருப்பா" என்று சத்தமாகவே சொன்னேன். டியூப்லைட்டைப் பார்த்தேன். பல்லி அங்கேதான் இருந்தது, சுவரோடு சுவராக. காத்திருந்தேன். ஒன்றும் சொல்லவில்லை.

நானே தட்டினேன்.